கும்மிடிப்பூண்டியில் ஹாத்தார்ன்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரலாம் என்று சாய்ந்த நேரத்தில் செல்வி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த தாவர ஆய்வு அலுவலகத்தில் இப்போது அலுவலராக இருக்கும் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள்தான் என்றாலும் ஏதாவது சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவாள். சந்தேகம் இல்லாவிட்டாலும் கூப்பிடுவாள்.

“சார், ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது.”

“கேளும்மா.”

“கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஹாத்தார்ன் இருக்கா சார்?”

சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. சத்தம் கேட்டு என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹாத்தார்ன் குளிர் நாட்டு முள்மரம். ஆப்பிளுக்கும் ரோஜாவுக்கும் பங்காளி. வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாகப் பழுக்கும். இங்கிலாந்தில் வயலுக்கு வயல் அதுதான் வேலி என்பார்கள். நம் நாட்டில் அதன் உறவுக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்றால் இமயமலைப் பக்கம் மூட்டை கட்ட வேண்டும். சித்திரை மாதத்தில் ரோட்டுத் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் கும்மிடிப்பூண்டியில் அதற்கு என்ன வேலை?

“யாரும்மா உனக்கு இதைச் சொன்னது?”

“அந்த ஊர் ஜனங்களே அப்படித்தான் சொல்றாங்க சார்.”

அதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே சொற்களில், எழுபதுகளில் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னார். அந்தக் கதையைச் செல்விக்குத் தொலைபேசியிலேயே சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “எழுதிக் கொடுங்க சார், இங்க புதுசா வந்த பசங்களுக்குப் படிச்சுக் காட்டணும்” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மீஞ்சூர். கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் மதராஸில் இருந்த அந்த அலுவலகத்தில் சேகரிப்பு உதவியாளனாகச் சேர்ந்தேன். வேலை என்னவென்றால், காட்டிலும் மேட்டிலும் ஏரிக்கரையிலும் அலைந்து செடிகொடிகளை ஒடித்துக்கொண்டு வந்து, பழைய செய்தித்தாளில் விரித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்துப் பெல்ட் போட்டு இறுக்கிக் காயவைப்பது. காய்ந்ததும் கெட்டித் தாளில் நூலால் தைத்து, மூலையில் லேபிள் ஒட்டி அலமாரியில் சேர்ப்பது. “படிச்சிட்டு வந்து புல்லு அறுக்குறான்” என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். முதல் இரண்டு வருடம் அவர்கள் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை. தாள் மாற்றியே விரல் தேய்ந்தது.

அதற்குப் பிறகு ஞானமுத்து சாருக்குக் கீழே போட்டார்கள். அவர் திருநெல்வேலிக்காரர். நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். வெயிலோ மழையோ கையில் குடை உண்டு. அந்தக் குடையை விரித்து யாரும் பார்த்ததில்லை. கிளையை வளைத்து இழுக்கத்தான் வைத்திருந்தார். தனக்குக் கீழே வேலை செய்பவர்களை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் ‘வா, போ’ என்பதற்கு மேல் கேட்டுப் பழகாத எனக்கு, “நீர் சாப்பிட்டீரா?” என்று அவர் கேட்டபோது ஏதோ நாடகத்தில் ராஜா வேஷம் கிடைத்த மாதிரி இருந்தது.

முதல் வாரமே ஒரு கிளையைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்துப் பெயரைச் சொன்னேன். சரியான பெயர்தான். அவர் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பூ எங்கே?”

“இப்போ சீசன் இல்லை சார்.”

“காய்?”

“அதுக்கும் சீசன் இல்லை சார்.”

“அப்படியானால் பெயருக்கும் சீசன் இல்லை. எடுத்துக்கொண்டு போம்.”

கிளையை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

எந்தச் செடியிடமும் இரண்டு கேள்விதான் கேட்க வேண்டும் என்பார். நீ யார்? நீ இருக்கும் இடம் எது? முதல் கேள்வியோடு எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள், இரண்டாவது கேள்விக்கு உட்கார்ந்து பதில் கேட்கிறவன்தான் தாவரவியல்காரன் என்பது அவர் கட்சி. மண் எப்படி, தண்ணீர் எவ்வளவு தூரம், நிழல் உண்டா, பக்கத்தில் என்ன நிற்கிறது, எல்லாம் லேபிளில் ஏறியாக வேண்டும். ‘ரோட்டோரம்’ என்று மட்டும் ஒருமுறை எழுதிவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். லேபிளில் ஊர்ப்பெயருக்கு, அதாவது அந்த ஊரில் செடியைக் கூப்பிடும் பெயருக்கு, ஒரு கோடு விட்டிருக்கும். அங்கே அந்த ஊர் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்களோ அதைத்தான் எழுத வேண்டும். கேட்டதைக் கேட்டபடி. இலக்கணத் தமிழாக்கித் திருத்தக் கூடாது, நமக்குத் தெரிந்த பெயரைத் திணிக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தால் வந்த வேடிக்கை ஒன்று உண்டு. பழவேற்காடு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஒரு தாளில் ஊர்ப்பெயர் ‘தெர்லபா’ என்று இருந்தது. அடுத்த தாளில் வேறொரு செடி. அதற்கும் ‘தெர்லபா’. கீழ்த்தட்டில் ஒரு கொடி, அதுவும் ‘தெர்லபா’. எல்லாம் ஞானமுத்து சாரின் அழகான கையெழுத்து. ஏரியில் மீன் பிடிக்கிறவர்களிடம் போய், இந்தச் செடிக்கு என்ன பெயர் என்று இவர் தன்னுடைய திருநெல்வேலித் தமிழில் கேட்டிருக்கிறார். வலையை அலசிக்கொண்டிருந்த மனிதர் தலையைத் தூக்காமல், “தெர்லபா” என்றிருக்கிறார். அதாவது, தெரியவில்லை அப்பா. இவர் கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டார்.

பயந்துகொண்டேதான் அவரிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு குடை கீழே விழும்படி சிரித்தார். அலுவலகம் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “லேபிளைக் கிழிக்காதேயும். அந்த மனுஷன் சொன்னது அதுதான். பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி அர்த்தம் எழுதிவிடும்” என்றார். அந்தச் சீட்டுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அவருக்கு வடக்குத் தமிழ் புரியாத இடங்களில் நானும், எனக்கு லத்தீன் புரியாத இடங்களில் அவரும் என்று எங்கள் வண்டி நன்றாகவே ஓடியது.

இனி ஹாத்தார்ன் விஷயத்துக்கு வருகிறேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்த காலம். கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, ஆரணியாற்றை ஒட்டினாற்போல ஒரு புதுத் தொழிற்சாலை. அங்கே செய்தது முள்கம்பி. அதன் மேனேஜர் சந்தானம் என்பவர் ஒரு நாள் காரில் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து இறங்கினார். டெல்லியில் பிறந்து வளர்ந்து இங்கிலாந்தில் படித்தவர். தமிழ் பேசுவார், வீட்டுக்குள் பழகிய தமிழ், வாசலைத் தாண்டாத தமிழ்.

“எங்க கம்பெனி பின்பக்கம் ஆத்தங்கரையில நீளமா ஒரு முள்வேலி இருக்கு சார். இட் இஸ் ஹாத்தார்ன். எனக்குச் சந்தேகமே இல்லை” என்றார். “இங்கிலாந்துல நான் தங்கியிருந்த வீட்டு ஜன்னலைத் திறந்தா எதிர்ல ஹாத்தார்ன் வேலிதான். ஊர் ஞாபகம் வந்தா அதையே பார்த்துண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த முள்ளு, அந்த இலை, எனக்குத் தெரியாதா?”

ஞானமுத்து சார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, இந்த வெப்பத்தில் அது வளராதே என்று மெதுவாகச் சொன்னார்.

“அதான் சார் ஆச்சரியம். யாரோ வெள்ளைக்காரன் அந்தக் காலத்துல நட்டிருக்கணும். ஏன்னா அந்த ஊர் ஜனங்களே அப்படித்தான் சொல்றாங்க. நானே ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஹாத்தார்ன் முள்ளுன்னான்.”

ஊர்ப்பெயர் என்றதும் ஞானமுத்து சார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சந்தானம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மழைக்கு முன்னால் அந்த வேலியை வெட்டிக் கரையைச் சமன்படுத்திவிட்டுச் சொந்தச் சரக்கான முள்கம்பியையே கட்ட வேண்டும் என்று பம்பாயிலிருந்த தலைமை அலுவலகம் உத்தரவு போட்டுவிட்டது. முள்கம்பி செய்கிற கம்பெனி முள்செடியை வேலியாக வைத்திருந்தால் பார்க்கிறவன் சிரிப்பான் என்பது அவர்கள் நியாயம். அரிய மரம் என்று அரசாங்க நிபுணர்கள் எழுதிக் கொடுத்தால் தடுத்துவிடலாம் என்பது சந்தானத்தின் கணக்கு. நிபுணர்கள் பார்த்துச் சொல்லும்வரை வெட்ட வேண்டாம் என்று தலைமை அலுவலகத்துக்குத் தந்தியும் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

“நீர் போய்ப் பார்த்துவிட்டு வாரும்” என்று சார் என்னை அனுப்பினார்.

புரட்டாசி மாதம். பாசஞ்சர் ரயிலில் செடி அழுத்தும் பிரஸ் பலகையைத் தூக்கிக்கொண்டு கவரைப்பேட்டையில் இறங்கி, வயல் வரப்பில் நடந்து போனேன். தொழிற்சாலை வாட்ச்மேன் என்னைக் கண்டதும் சல்யூட் அடித்து, “வா சார், ஹாத்தார்ன் அந்தாண்ட இருக்குது” என்றார். மேனேஜர் அவருக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார் என்று புரிந்தது.

ஆற்றின் மேல்கரை நெடுக ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நின்றது முள்புதர். நல்ல நீளமான முள். இலை ஓரத்தில் பல் பல்லாக வெட்டு. கொழுந்து செம்பு நிறம். பூவும் இல்லை, காயும் இல்லை. ஹாத்தார்ன் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் தூரத்தில் நின்று பார்த்தால் அந்த மனிதருக்கு ஜன்னல் ஞாபகம் வந்ததில் குற்றமில்லை.

கிளையை ஒடித்துத் தாளில் விரித்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைக்குக் கிழக்கே, கரைக்கு உள்பக்கம் கொஞ்சம் பள்ளமான வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. அந்த வயல் அவளுடையது.

“இன்னா தம்பி, முள்ளைப் போயி பேப்பர்ல மடிச்சி வெச்சிக்கினு இருக்கே?”

“பேரு கண்டுபுடிக்கணும்க்கா. இதுக்கு நீங்க இன்னா பேரு சொல்லுவீங்க?”

“இதுக்குத் தனியா இன்னா பேரு? ஆத்தோர முள்ளு.”

கையிலிருந்த கிளையைக் கீழே போட்டுவிட்டேன். எங்கள் பக்கத்து வாயில் ‘ஆத்தோர’ கொஞ்சம் வேகமாக வந்தால் ‘ஆத்தார’ என்றுதான் விழும். ஆத்தார முள்ளு. டெல்லித் தமிழ்க் காதில் அது ஹாத்தார்ன் முள்ளாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்காரனும் இல்லை, நட்ட கதையும் இல்லை. ஆற்றின் ஓரத்தில் நிற்கிற முள்ளு, அவ்வளவுதான். வயிறு வலிக்கச் சிரித்தேன். கன்னியம்மா சிரிக்கவில்லை.

“எதுக்கு சிரிக்கிற? நீ லண்டன் பேரு எழுதிக் குடுத்தியானா இத்த வெட்ட மாட்டாங்களாமே. வாட்ச்மேன் சொன்னாரு.”

“ஆமாக்கா.”

“அப்ப எழுதிட்டுப் போயேன், நைனா. உனுக்கு இன்னா வந்துது? இந்த முள்ளுதான் கரையப் புடிச்சிக்கினு கீது. இத்த எடுத்தா மழைக்கு ஆறு உள்ள வரும். மணல் ஏறிச்சின்னா என் நெலம் போச்சு. என் ஊட்டுல சோறு இந்த நெலத்துலதான்.”

நான் ஒரு சொல் தப்பாக எழுதினால் அவள் நிலம் பிழைக்கும். சரியாக எழுதினால் போகும். படித்த படிப்பில் இப்படி ஒரு பாடம் இல்லை. “பெரிய சார்கிட்ட சொல்றேன்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். லேபிளில் ஊர்ப்பெயர்க் கோட்டில் ஆத்தோர முள்ளு என்று எழுதும்போது ரயிலின் ஆட்டத்தில் எழுத்து கோணிக்கொண்டது.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆத்தோர முள்ளு கதைக்கு மறுபடியும் குடை கீழே விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் புன்னகையோடு நிறுத்திக்கொண்டார். கன்னியம்மா சொன்னதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு இலையை லென்ஸில் நெடுநேரம் பார்த்தார்.

“சார், சொத்தைக்களா மாதிரி இருக்கு” என்றேன். நம் பக்கத்துக் காடுகளில் நிற்கும் முள்செடிதான் அது. புளிப்பும் இனிப்புமாகப் பழம் பழுக்கும்.

“பூ எங்கே?”

“இல்லை சார்.”

“காய்?”

“கோடையிலதான் சார் வரும்.”

“அப்படியானால் கோடையில் பார்க்கலாம். காய் பார்த்துத்தான் பெயர் சொல்ல முடியும் என்று மேனேஜருக்கு எழுதிப்போடும்.”

எழுதிப்போட்டேன். சந்தானம் அதை அப்படியே பம்பாய்க்கு அனுப்பினார். அரசாங்கம் காய்க்காகக் காத்திருக்கிறது என்பதைத் தலைமை அலுவலகம் எப்படி எடுத்துக்கொண்டதோ தெரியாது. வெட்டு நின்றது.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மீஞ்சூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே முழங்கால் தண்ணீர். ரயில் ஓடத் தொடங்கியதும் ஞானமுத்து சாரே, “வாரும், அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்” என்றார். பூவும் காயும் இல்லாத செடியைப் பார்க்க அவர் கிளம்பியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தொழிற்சாலைக்கு மேற்கே வேறு யாரோ வாங்கிப்போட்டிருந்த மனை. அவர்கள் வெயில் காலத்திலேயே புதரை வழித்துக் கரையைச் சுத்தமாக்கியிருந்தார்கள். அங்கே கரை வண்டி நுழைகிற அகலத்துக்கு உடைந்து கிடந்தது. உள்ளே பார்த்த இடமெல்லாம் மணல். அங்கிருந்து நடந்து முள்வேலிக்கு வந்தோம். வேலி நெடுக வைக்கோலும், சருகும், ஒரு தகர டின்னும், யாருடைய வேட்டியோ ஒன்றும் மாட்டிக்கொண்டு தொங்கின. கரை நின்றது. கரைக்கு உள்பக்கம் கன்னியம்மாவின் சம்பா, தலை கலைந்து, ஆனால் நின்றுகொண்டிருந்தது.

எங்களைப் பார்த்துக் கன்னியம்மா வரப்பிலிருந்தே கத்தினாள். “பாத்துக்கினியா தம்பி? பேரு இல்லாமயே இம்மாம் வேலை செய்யுது.”

“அந்த அம்மாள் என்ன சொல்லுகிறாள்?” என்று சார் கேட்டார். சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, குடைக் கைப்பிடியால் ஒரு கிளையை வளைத்து, அடிவேர் மண்ணைப் பிடித்திருந்த விதத்தைக் குனிந்து பார்த்தார். வேட்டி நனைவதைக் கவனிக்கவே இல்லை. நான் அளந்து சொல்ல, உடைந்த இடத்தையும் உடையாத இடத்தையும் வரிசையாகக் குறித்துக்கொண்டார்.

மாசியில் போனபோது பூ வந்திருந்தது. சின்னச் சின்ன மஞ்சள் பஞ்சு மாதிரி. இதழே கிடையாது. ஹாத்தார்னுக்கு வெள்ளையாக ஐந்து இதழ் உண்டு. இதுவே போதும் என்று நான் நினைத்தேன்.

“ஆண் பூ மட்டும்தான் வந்திருக்கிறது. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு போலிருக்கிறது. காய் வரட்டும்” என்றார் சார்.

சித்திரை பிறந்ததும் காய் பழுத்தது. கன்னியம்மா முந்தானையில் பறித்துவைத்திருந்து கொடுத்தாள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். பல் கூசியது. இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தேன். காம்புப் பக்கம் பார்த்த உடனே இது ஹாத்தார்ன் இல்லை என்பது முடிவாகிவிட்டது. “இன்னும் ரெண்டு எடுத்துக்க” என்று சட்டைப்பையில் போட்டாள். வழியெல்லாம் அது கனத்தது.

முடிவைக் கேட்கச் சந்தானம் வந்த அன்று, ஞானமுத்து சார் காலையிலேயே பியூனை அனுப்பி ஒரு கொய்யாப்பழமும் ஒரு கத்தரிக்காயும் வாங்கிவரச் சொல்லியிருந்தார். மேஜையில் செய்தித்தாள் விரித்து இரண்டையும் வைத்து, நடுவில் நம்முடைய சிவப்புப் பழத்தை வைத்தார். சந்தானம் மூன்றையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சமையல் செய்துகாட்டப் போகிறோமோ என்று நினைத்திருப்பார்.

“கொய்யாவைப் பாருங்கள். காம்புக்கு எதிர் முனையில் காய்ந்த கிரீடம் இருக்கிறது. பூவின் பச்சை இதழ்கள் அங்கே உச்சியில் நின்றுவிட்டன. கத்தரிக்காயைப் பாருங்கள். அதே பச்சை இதழ்கள் காம்புப் பக்கம் தொப்பியாக நிற்கின்றன. ஆப்பிள், ஹாத்தார்ன் எல்லாம் கொய்யாக் கட்சி. இனி இந்தப் பழத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.”

லென்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டார். அவர் வழக்கமே அது. தீர்ப்பை எதிராளி வாயாலேயே சொல்லவைப்பார்.

சந்தானம் பழத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டு பார்த்தார். “சார், உச்சியில ஏதோ இருக்கே. கிரவுன்!”

“அது கிரீடமில்லை, மீசை. பூவின் சூல்முடி மிச்சம். காம்புப் பக்கம் திருப்புங்கள்.”

திருப்பினார். சின்னதாக, காய்ந்து, ஆனால் சந்தேகமே இல்லாமல் அங்கே இருந்தது தொப்பி. லென்ஸை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“கத்தரிக்காய்” என்றார்.

நான் ஆத்தோர முள்ளு விஷயத்தையும் சொன்னேன். சிரித்தார். ஆனாலும் முகம் வாடிப்போனது. “சரி. அப்ப வெட்டிட வேண்டியதுதான். இது சாதாரணச் செடின்னு தெரிஞ்சப்புறம் பம்பாய்ல என்ன சொல்றது?” என்று எழுந்தார்.

எனக்குக் கன்னியம்மாவின் முந்தானை ஞாபகத்துக்கு வந்தது. சாரைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்தபடியே, “நீங்கள் ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதையும் கேட்டுவிட்டுப் போங்கள்” என்றார்.

“என்ன கேள்வி?”

“இது எங்கே வளர்கிறது?”

என் பக்கம் திரும்பி, “எழுதும்” என்றார். அறிக்கையின் முதல் வரி: இச்செடி ஹாத்தார்ன் அன்று, சொத்தைக்களா. அதற்குக் கீழே வளரிடம். மற்ற லேபிள்களுக்குச் சொல்லும் அதே சாவகாசமான குரலில் சொல்லிக்கொண்டே போனார். ஆற்றின் கரை. மணல் கலந்த மண். வேர் கரையின் உட்புறம்வரை ஓடிப் பிடித்திருக்கிறது. சென்ற மழையில் இச்செடி உள்ள பகுதியில் கரை உடையவில்லை. அடுத்துள்ள, இச்செடி அகற்றப்பட்ட பகுதியில் கரை உடைந்து மணல் புகுந்திருக்கிறது. தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கு இச்செடிக்கு நேர் பின்னால், கரையைவிடத் தாழ்வாக அமைந்துள்ளது.

கடைசி வரியை எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். சார் முகத்தில் ஒன்றும் இல்லை.

சந்தானம் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். படித்து முடித்து மறுபடியும் உட்கார்ந்தார். “சார், நான் பேர் கேட்டு வந்தேன். நீங்க விலாசம் கொடுத்து அனுப்பறீங்க” என்றார். முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பியிருந்தது. கொய்யாப்பழத்தைக் காட்டி, “இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டே போனார்.

பம்பாய்க்காரர்களுக்கு ஹாத்தார்ன் மேல் பாசம் இல்லாவிட்டாலும், கிடங்கில் தண்ணீர் நுழைவதென்றால் பயம் இருந்தது. வேலி நின்றது. முள்கம்பி வேறு ஊர்களுக்கு வேலி கட்டப் போயிற்று. அந்த வாரமே கவரைப்பேட்டைக்குப் போய்க் கன்னியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “லண்டன் பேரு எழுதலக்கா. ஆனா வெட்ட மாட்டாங்க” என்றேன். “அது போதும் தம்பி” என்று சொல்லி, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு பை நிறைய மொச்சைக்கொட்டை கட்டிக் கொடுத்தாள். ரயிலில் அதைக் கொண்டுவந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம், பிறகு பதவி உயர்வு வந்தபோதுகூட இருந்ததில்லை.

சில வருடம் கழித்து ஞானமுத்து சார் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். எழும்பூரில் வழியனுப்பப் போனவன், ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“சார், அந்த முள்ளு சொத்தைக்களான்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும்தானே?”

“இலையைப் பார்த்தால் தெரியாதா?” என்றார்.

“பின்னே ஏன் சார் காய் வரட்டும், காய் வரட்டும்னு...”

“காய் இல்லாமல் பெயர் எழுதக் கூடாது என்பது சட்டம். உமக்கும் அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்?” குடையை மடியில் வைத்துக்கொண்டு, “சட்டம் நல்லதாக இருந்தால் மழைக்காலத்தையும் தாண்டிவிடலாம்” என்றார். வண்டி நகர்ந்துவிட்டது. அவர் இப்போது இல்லை. குடை கீழே விழும்படி அவர் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

இவ்வளவையும் தொலைபேசியில் கேட்டு முடித்தாள் செல்வி. பிறகு அவள் பக்கத்துக் கதையைச் சொன்னாள். அந்த ஆற்றங்கரையில் என்னென்ன செடி நிற்கிறது என்று பார்க்கப் போயிருக்கிறாள். கம்பெனி கைமாறிக் கைமாறி வேறு யாரிடமோ இருக்கிறதாம். வயலில் இருந்த ஒரு வயதான அம்மாளிடம் முள்செடியைக் காட்டிப் பெயர் கேட்டிருக்கிறாள்.

“அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா சார்? ‘இது ஹாத்தார்ன் முள்ளும்மா. லண்டன் செடி. வெட்டக் கூடாதுன்னு கெவர்மெண்டே எழுதி வெச்சிக்கீது. எந்தப் புது மேனேஜரு வந்தாலும், எந்தக் காண்ட்ராக்டரு வந்தாலும் நாங்க இத்தத்தான் சொல்றது. எங்க மாமியாரு சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க’ன்னாங்க. மாமியார் பேரு கேட்டேன் சார். கன்னியம்மாவாம்.”

நான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கன்னியம்மாவிடம் நான்தான் சொன்னேன், லண்டன் பேர் இல்லை என்று. என் வாயால் கேட்டும், போதும் தம்பி என்று சொல்லி மொச்சைக்கொட்டையும் கட்டிக் கொடுத்துவிட்டு, எது உதவுமோ அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். சந்தானம் தப்பாகக் கேட்ட ஒரு சொல்லை வேலிக்கு வேலியாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இத்தனை வருடமாக அந்தச் சொல்லை மீறி ஒருவனும் அரிவாள் வைக்கவில்லை.

“சார், அறிவியல் பேர் சரியா எழுதிட்டேன். வளரிடமும் நீங்க சொன்ன மாதிரி முழுசா எழுதிட்டேன்” என்றாள் செல்வி. “ஊர்ப்பெயர்க் கோடு மட்டும் காலியா இருக்கு. ஆத்தோர முள்ளுன்னு திருத்திடட்டுமா?”

“அந்த அம்மா உன்கிட்ட என்ன சொன்னாங்க?”

“ஹாத்தார்ன் முள்ளு.”

“கேட்டதைக் கேட்டபடி எழுதும்மா” என்றேன்.